வைஃபை இருக்கு, நெட் இல்லை

172222 என்ற எண்ணை இன்றும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களுக்கு நாற்பது வயதாவது தாண்டியிருக்கும். வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் இணையச் சேவையைப் பிடிக்க மோடம் சுழற்றிய எண் அது. 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டபோது சென்னைக்கும் அது கிடைத்தது. வேகம் 9.6 கிலோபிட். படங்களோடு பார்க்கக்கூடிய கணக்கு வேண்டுமென்றால் தனிநபர் 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் கட்ட வேண்டும். மாணவர்களுக்கு 500 ரூபாயில் வெறும் எழுத்து மட்டும் ஓடும் கணக்கு. நடுத்தர வீடுகளுக்கு இது எட்டியது 1998-க்குப் பிறகுதான். தனியாருக்கு அனுமதி கிடைத்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்போவே போன்றவர்கள் மணிக்கணக்குப் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். விலையும் இறங்கியது.

அதற்குப் பிறகு வேகம் எப்படி ஏறியது என்ற கதையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நெட் வராத நேரத்தின் கதையை யாரும் சொல்வதில்லை. அன்றைக்கு நெட் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியும். இன்றைக்கு வைஃபை சின்னம் நிறைந்து நிற்கும், பக்கத்திலேயே ஒரு சின்ன ஆச்சரியக்குறி இருக்கும், ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இடையில் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி.

டயல்-அப் காலத்தில் பழுது காதில் விழும். மோடம் முதலில் டயல் டோனைத் தேடும். பிறகு எண்களைச் சுழற்றும். எதிர்முனை எடுத்தால் இரண்டும் கீச்சிட்டு, கரகரத்து, ஒரு கட்டத்தில் சட்டென்று அடங்கும். அடங்கினால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எந்த இடத்தில் சத்தம் நின்றது என்பதை வைத்தே பாதி விஷயம் பிடிபடும். மீதியைத் திரையில் வரும் பிழை எண் சொல்லிவிடும். 680 வந்தால் டயல் டோனே இல்லை. ஒயர் கழன்றிருக்கும், அல்லது உள்ளறையில் யாரோ ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை. 676 வந்தால் எதிர்முனை பிஸி. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பெரும்பாலும் அதுதான். 678 என்றால் அந்தப் பக்கம் பதில் இல்லை. 691 என்றால் எடுத்தார்கள், ஆனால் உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் அங்கே செல்லுபடியாகவில்லை. பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பமாக இருக்கலாம், வாங்கிய மணிநேரம் தீர்ந்தும் போயிருக்கலாம். ஒவ்வொரு எண்ணும் ஒவ்வோர் இடத்தைக் காட்டியது. ஒயர், நெரிசல், எதிர்முனை, கணக்கு. பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்கள் இந்த எண்களை வாடிக்கையாளர் பெயர் மாதிரி உச்சரிப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. அன்று இணைப்பு கிடைத்தால் அது கம்ப்யூட்டருக்கே நேராகக் கிடைத்தது. நடுவில் பெட்டி எதுவும் கிடையாது. திரையின் கீழ் மூலையில் இரண்டு குட்டி கம்ப்யூட்டர்கள் மினுங்கும். அதன்மேல் மவுசை வைத்தால் 45,333 என்று வேகம் காட்டும். அவை மினுங்கினால் நெட் இருக்கிறது, மறைந்தால் நெட் இல்லை. இணைந்திருக்கிறது, ஆனால் நெட் இல்லை என்று ஒரு நிலைமை வருவது அபூர்வம். வந்தாலும் டிஎன்எஸ் எண்ணைச் சரிபார் என்று நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்த இரண்டு வரிகளில் முடிந்துவிடும்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்டைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த மத்திய அரசின் கொள்கை, 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதை பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்றது. அந்த வரையறை 2013-ல் 512 கிலோபிட்டாகி, 2023-ல்தான் 2 மெகாபிட் ஆனது. அதே டெலிபோன் ஒயரில் பேச்சும் இணையமும் சேர்ந்து வந்தன. இரண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. அதை மாற்றி மாட்டிவிட்டால் வேடிக்கைதான். போன் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் நெட் அறுந்துவிடும். சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது என்பதால், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. அவர்களுடைய தூக்கக் கணக்கை யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

அந்தக் காலத்தில் பழுது பார்க்க வருபவர் லைன்மேன். கறுப்பு டெஸ்ட் போன் ஒன்று இடுப்பில் தொங்கும். வாசலில் உள்ள பெட்டியைத் திறந்து இரண்டு கிளிப்புகளை மாட்டி, காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “ஜாயின்ட்ல தண்ணி எறங்கியிருக்கு சார், லைன்ல நாய்ஸ் இருக்கு” என்பார். ஐப்பசி மழை தொடங்கினால் இந்த வாக்கியத்தைத் தெருவில் பல வீடுகள் கேட்கும். பூமிக்கடியில் போகும் தாமிர ஒயரின் இணைப்பில் ஈரம் ஏறினால் பேச்சில் கரகரப்பு வரும். இணையமோ அதற்கு முன்பே தள்ளாடத் தொடங்கியிருக்கும். அதாவது நெட்டின் பழுதைப் போனில் கேட்டே கண்டுபிடிக்க முடிந்தது. அவர் தெருமுனைப் பில்லர் வரை நடப்பார், அங்கே ஒரு ஜோடி ஒயரை மாற்றிப் போடுவார், திரும்பி வந்து மறுபடி கேட்பார். உங்கள் வீட்டு ஒயர் எந்தக் கம்பம் வழியாக எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பது அவருக்கு மனக்கணக்கு. 198-க்குப் புகார் செய்தாலும் கடைசியில் வருபவர் அவர்தான் என்பதால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவரை வெறுங்கையோடு அனுப்பியவர்கள் குறைவு. அவர் வர நான்கு நாளாகும், சில சமயம் வரவே மாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரமாக வீடு கட்டிய பாவத்துக்கு வாழ்நாள் முழுக்க மந்த வேகத்தில் தவித்தவர்கள் புறநகர்களில் ஏராளம்.

முக்கியமான மாற்றம் இந்த டேட்டாஒன் காலத்தின் நடுவில், யாரும் கவனிக்காமல் நடந்தது. முதலில் வந்த மோடங்கள் பிரிட்ஜ் முறையில் இருந்தன. யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் கம்ப்யூட்டரில்தான் கொடுக்க வேண்டும். டயல்-அப் மாதிரியே ஓர் ஐகான், அதே 691, அதே 678. பிறகு வீட்டில் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது, லேப்டாப் வந்தது, வைஃபை வந்தது. எல்லோருக்கும் பகிர வேண்டுமென்றால் பெயரையும் பாஸ்வேர்டையும் பெட்டிக்குள்ளேயே எழுதிவைத்துவிடலாம். பெட்டியே உள்நுழைந்துகொள்ளும், நாம் பெட்டியோடு ஒட்டிக்கொண்டால் போதும். பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைய தினம் பிழை எண் நம் திரையிலிருந்து பெட்டிக்குள் குடிபோனது. 691 இன்றும் வருகிறது, அதே காரணத்துக்காகவே வருகிறது. பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

போனில் வைஃபை நிறைந்து காட்டுவது ஹாலில் இருக்கும் பெட்டிக்கும் நம் கைக்கும் இடையிலான பத்திருபது அடியைப் பற்றிய செய்தி மட்டுமே. குளியலறைக் குழாய்க்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் நடுவில் பைப் நன்றாக இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பைப் சொல்லாது. பிறகு நெட் இல்லை என்பதைப் போன் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது நம் யாரையும் கேட்காமல் அவ்வப்போது ஒரு சோதனை செய்துகொள்கிறது. ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டும். அங்கிருந்து 204 என்ற எண்ணோடு வெற்றுப் பதில் வர வேண்டும். விண்டோஸ் ஒரு சின்னக் கோப்பைக் கேட்கும். அதில் மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட் என்ற மூன்று சொல் தவிர வேறெதுவும் இராது. ஆப்பிள் போன் கேட்கும் பக்கத்தில் சக்ஸஸ் என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். வர வேண்டியது வரவில்லையென்றால் ஆச்சரியக்குறி. வேறு ஏதாவது வந்தால், உதாரணமாக ரயில் நிலையத்தில் செல் நம்பர் கேட்கும் பக்கம் வந்தால், உள்நுழையச் சொல்லும். ஆக அந்தக் குறி சொல்வது ஒரே ஒரு தகவலை: வெளியே அனுப்பிய ஆள் திரும்பி வரவில்லை. எங்கே தடுக்கப்பட்டார் என்பதை அது சொல்லாது. டயல்-அப்பின் நான்கு எண்கள் சுருங்கி ஒரே குறியாகிவிட்டன.

தடுக்கக்கூடிய இடங்களோ பெருகியிருக்கின்றன. பத்து வருடங்களுக்கு முன் தாமிர ஒயர் இருந்த வீடுகளில் பெரும்பாலும் இன்று பைபர். சுவரில் பச்சை முனையோடு மெல்லிய ஒயர் இறங்கி, ஓஎன்டி எனப்படும் வெள்ளைப் பெட்டியில் முடிகிறது. அந்த ஒயருக்குள் இருப்பது ஒரு கண்ணாடி இழை. ஒளி ஓடும் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது, அது லேசர். நமக்காக அதைப் பார்த்துச் சொல்லத்தான் பெட்டியில் இரண்டு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். பான் என்ற பச்சை விளக்கு நிலையாக எரிந்தால் ஒளி வருகிறது, மறுமுனை நம் பெட்டியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பச்சை மினுங்கிக்கொண்டே இருந்தால் ஏற்றுக்கொள்ளும் பேச்சுவார்த்தை முடியவில்லை. எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு மினுங்கினால் ஒளியே வரவில்லை. புகார் எண்ணுக்குப் போன் செய்தால் முதல் கேள்வி இதனால்தான்: “ரெட் லைட் எரியுதா சார்?”

எரிந்தால் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பச்சை முனை சரியாகச் செருகியிருக்கிறதா, பீரோவை நகர்த்தும்போது ஒயர் மடங்கிவிட்டதா என்று பார்க்கலாம். கண்ணாடி இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். மற்றபடி ஆள் வரவேண்டும். இன்று வருபவர் லைன்மேன் அல்லர். பல ஊர்களில் அதே கேபிள் டிவிக்காரரின் கடைப் பையன்தான் பைபரும் பார்க்கிறான். முதுகில் ஒரு பை, கையில் செல்போன் அளவில் ஒரு பவர் மீட்டர். ஒயரைக் கழற்றி மீட்டரில் செருகுகிறான். மைனஸ் 19 என்று காட்டினால் தலையை ஆட்டுகிறான். மைனஸ் 27, 28 என்று காட்டினால், “லாஸ் ஜாஸ்தியா இருக்குண்ணா” என்று வாசலுக்கு நடக்கிறான். இந்தக் கணக்கில் மூன்று எண் இறங்கினால் ஒளி பாதியாகிறது என்று பொருள். 19-க்கும் 28-க்கும் நடுவில் ஒன்பது. அதாவது வர வேண்டிய ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. பெட்டிகளின் பொறுமை ஏறக்குறைய மைனஸ் 27-ல் முடிந்துவிடும். அந்த விளிம்பில் நிற்கும் இணைப்புதான் காலையில் வந்து மதியம் போய், நாம் புகார் செய்து ஆள் வரும் நேரத்தில் மட்டும் ஒழுங்காக வேலை செய்து மானத்தை வாங்கும்.

ஒயர் எங்கே அடிபடுகிறது என்று கேட்டால் பையன் சொல்லும் பதில்களில் ஒன்று, அணில். மாமரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இழுத்துக் கட்டிய ஒயரை அணில் கடித்துவிடுகிறது. மின்தடைக்கு அணிலைக் காரணம் சொன்னபோது 2021-ல் தமிழ்நாடே சிரித்து மீம் போட்டது. பைபர் விஷயத்தில் அணில் நிஜமாகவே குற்றவாளிதான். கடித்த இடத்தை வெட்டி, சின்ன அடுப்புப் போன்ற ஸ்ப்ளைஸ் மெஷினில் இரண்டு முனைகளையும் உருக்கி ஒட்டி, மேலே ஒரு குழாய் போட்டு மூடினால் நெட் வந்துவிடும். லைன்மேனைவிட இந்தப் பையன் வேகம். பெரும்பாலும் அன்றே வந்துவிடுகிறான். காதால் கேட்டுச் சொல்லும் வித்தை அவனுக்குத் தேவையில்லை, மீட்டர் சொல்கிறது. ஆனால் பெட்டியில் பச்சை நன்றாக எரிந்து, மீட்டரும் மைனஸ் 19 காட்டி, அப்போதும் நெட் வரவில்லை என்றால் அவனும் நம்மைப் போலவே நின்றுவிடுகிறான். “லைன் கிளியரா இருக்குண்ணா. ஆபீஸ்லதான் பாக்கணும்.”

அந்த இடத்துக்கு அப்பால் நாமே கொஞ்சம் போக முடியும். பெரிய படிப்பு வேண்டாம். முதலில், ஒரு கருவியில் மட்டும் நெட் இல்லையா, எல்லாவற்றிலுமா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் பழுது அதனுடையது. வைஃபை அமைப்பில் அதற்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், பெட்டி அதற்கு முகவரி தரவில்லை, தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கருவியில் வைஃபையை மறக்கச் செய்து மறுபடி இணைத்தால் பெரும்பாலும் தீரும். பழைய லேப்டாப் என்றால் தேதியைப் பாருங்கள். உள்ளே உள்ள சின்ன பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது என்று அது அடம்பிடிக்கும். நெட் இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது.

எல்லாவற்றிலும் இல்லையென்றால் பிரவுசரில் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். சில பெட்டிகளில் கடைசிக்கு முந்தைய எண் 0 அல்லது 29 என்று மாறும், பெட்டியின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் திறந்தால் நமக்கும் பெட்டிக்கும் நடுவில் குறையில்லை. உள்ளே ஸ்டேட்டஸ் என்ற பகுதியில் வான் என்றொரு வரி இருக்கும். அங்கே ஒரு ஐபி முகவரி இருந்தால் பெட்டி வெளியுலகத்துக்குள் நுழைந்திருக்கிறது. 0.0.0.0 என்றிருந்தால் நுழையவில்லை. தொலைந்துபோன 691 இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சில பெட்டிகள் ஆதன்டிகேஷன் ஃபெயில்டு என்று எழுத்தாகவே சொல்லும். பணம் கட்டாமல் விட்டிருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஒளி வரும், விளக்கு பச்சையாக எரியும், கதவு மட்டும் திறக்காது.

வான் முகவரியும் இருக்கிறது, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் சந்தேகம் டிஎன்எஸ் மேல் போக வேண்டும். பெயரை எண்ணாக மாற்றித் தரும் இந்த ஏற்பாடு 1983-ல் வந்தது. நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் படுத்துக்கொண்டால், பாதை முழுக்கத் திறந்திருந்தும் ஒருவருக்கும் முகவரி தெரியாமல் எல்லாம் நிற்கும். கம்ப்யூட்டரில் 8.8.8.8-க்குப் பிங் அடித்துப் பதில் வந்து, தளத்தின் பெயரைச் சொல்லி அடித்தால் வராமல் போனால் குற்றவாளி இவர்தான். அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றினால் அந்த நிமிடமே தீரும். முதலாவது கூகுள் 2009-ல் திறந்தது, இரண்டாவது கிளவுட்ஃபிளேர் 2018-ல். டயல்-அப் காலத்து நோட்டுப்புத்தகத்தில் இருந்த அதே இரண்டு வரி வேலை, கால் நூற்றாண்டு கழித்தும் மாறவில்லை.

மாடிக்கு சிக்னல் போகவில்லையென்று சொந்தமாக இரண்டாவது ரூட்டர் வாங்கி மாட்டும் வீடுகளில் ஒரு தனி வகைப் பழுது உண்டு. வான் என்ற ஓட்டையில் செருக வேண்டிய ஒயரைப் பக்கத்தில் உள்ள லேன் ஓட்டையில் செருகியிருப்பார்கள். அல்லது இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும். வைஃபை பெயர் அழகாக வரும், நான்கு கோடும் வரும், நெட் மட்டும் வராது. கடைக்காரர் ரூட்டரை மாற்றித் தருவார், அதிலும் வராது.

புகாரைச் சொல்லும் விதமும் மாறிவிட்டது. அப்போது 198-ல் எதிர்முனையில் ஒரு மனிதர் சலிப்போடு புகார் எண் கொடுப்பார். இப்போது ஆப்பில் ஓர் இயந்திரம் மிக மரியாதையாக, ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்கிறது. அதைக் கேட்டு எரிச்சல்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த யோசனை முட்டாள்தனம் இல்லை. மின்தடையில் பெட்டி சட்டென்று அணையும்போது மறுமுனை சர்வருக்கு நாம் போனது தெரியாது. பழைய தொடர்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, புதிதாகத் தட்டுபவரை உள்ளே விடாமல் வைத்திருக்கும். பெட்டியை அணைத்துச் சில நிமிடம் சும்மா விட்டால் அது தெளிந்துவிடும். மாதக்கணக்கில் ஓடிக் களைத்த பெட்டியின் நினைவகமும் காலியாகிப் புதிதாகத் தொடங்கும். அணைத்த கையோடு போட்டால்தான் பயனில்லை. பின்பக்கம் குண்டூசி நுழையும் அளவில் இருக்கும் ரீசெட் ஓட்டை வேறு விஷயம். அதை அழுத்தினால் உள்ளே எழுதியிருந்த யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து, சாதாரணப் பழுது ஆள் வந்தால்தான் தீரும் பழுதாகிவிடும்.

பெட்டிக்கும் ஊருக்கும் அப்பாலும் தடை வரும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் இணையப் போக்குவரத்தில் பெரும் பகுதி நொண்டியது. அறுந்தவற்றில் ஒன்றான சீ-மீ-வீ 4 சென்னையிலும் கரையேறும் கேபிள். அன்று இங்கே எத்தனை பேர் மோடத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்களோ!

மின்சாரம் போனால் நடப்பதும் தலைகீழாகிவிட்டது. தாமிர ஒயரில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. தெருவே இருண்டாலும் போன் பேசும். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. பைபரில் வரும் லேண்ட்லைன் பெட்டியோடு சேர்ந்தே செத்துவிடும். புயல் நாளில் இது சின்ன விஷயமில்லை. 12 வோல்ட் அடாப்டருக்கு என்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை மாட்டிவைத்தவர்கள் புத்திசாலிகள்.

அன்று நெட் போனால் ஒருவருடைய பொழுதுபோக்கு போனது. இன்று 2020 ஊரடங்குக்குப் பிறகு வேலையும் வகுப்பும் டிவியும் வாசல் கேமராவும் அந்த ஒற்றை இழையில் தொங்குகின்றன. ஆனாலும் நாம் பழுதைத் தேடுவதில்லை. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவுகிறோம். கையில் மாற்று இருப்பதால் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விட்டது. நிறுவனங்களும் அதற்கேற்ப, பெட்டியின் உள்பக்கத்துக்குப் பூட்டுப் போட்டு, வாடிக்கையாளருக்குப் பாஸ்வேர்டு தராமலே விட்டுச் செல்வதை வழக்கமாக்கிவிட்டன. அமைப்பை மாற்ற விடாதீர்கள், சரி. வான் வரியை, ஒளியின் அளவை, பிழையின் காரணத்தைப் பார்ப்பதற்குக்கூட விடாதது அநியாயம். 1998-ல் விண்டோஸ் ஒரு சாமானியனுக்குச் சொன்னதை, அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமான இணைப்பை விற்கும் நிறுவனம் இன்று சொல்ல மறுக்கிறது. இணைப்பு வளர்ந்திருக்கிறது, வாடிக்கையாளரைச் சின்னப்பிள்ளையாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் தீர்ப்பு. அந்தப் பக்கத்தைப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள், அதுவும் தமிழில் கேளுங்கள்.

அதுவரை, நெட் நன்றாக ஓடும் இன்றைக்கே பெட்டியின் விளக்குகளை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எது எரிகிறது, எது எரியவில்லை என்ற ஒப்பீடு நெட் போகும் நாளில் உதவும். யூசர் நேமையும் வாடிக்கையாளர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டுங்கள். புகார் செய்யும்போது நெட் வரலை என்று மட்டும் சொல்லாதீர்கள். பான் நிலையாக எரிகிறது, சிவப்பு இல்லை, வான் முகவரி வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தீர்களா என்ற அடுத்த கேள்விக்கு, அணைத்துப் பத்து நிமிடம் விட்டுத்தான் போட்டேன் என்று பதில் சொல்லுங்கள்.